படுத்துக்கொண்டே ராமேஸ்வரம்

நான் ஒருமுறை கேளம்பாக்கத்திலிருந்து ராமேஸ்வரம் வரை சைக்கிளில் போயிருக்கிறேன். மூன்றரை மாதம் ஆனது. படுத்துக்கொண்டே போனேன். வீட்டு ஹாலை விட்டு ஒரு அடி நகரவில்லை. போய்ச் சேர்ந்த அன்று கடைத்தெருவில் அரைக் கிலோ கல்கண்டு வாங்கி, நாவலூரில் என் ஆபீஸ் முழுக்க 'ராமேஸ்வரம் பிரசாதம்' என்று விநியோகித்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டவர்களும் உண்டு. என்னைவிடப் பெரிய முட்டாள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள், போய் ஒரு மாலை போட்டுவிட்டு வருகிறேன்.

இதில் வேடிக்கை, நான் அன்று ராமேஸ்வரத்தில் இல்லை. ஹாலில் இருந்ததைச் சொல்லவில்லை; அது எனக்கே தெரியும். ஹாலில் ஓட்டிய தூரத்தை நேர்மையாகக் கூட்டியிருந்தால் நாகப்பட்டினத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். அது தெரிந்த ஒரே மனிதர், எனக்கு மீட்டர் மாட்டிக் கொடுத்தவர்தான். அவருக்கும் கல்கண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். "இன்னும் ரெண்டு குடு நைனா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் பெயர் இங்கே வேண்டாம். செங்கல்பட்டில் 'மீட்டர்காரர்' என்றால் அந்தக் காலத்தில் யாரும் கை காட்டுவார்கள். தொண்ணூறுகளில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவில், ஆள் ஒருக்களித்து நுழையும் அகலத்தில் அவருடைய கடை இருந்தது. முள் ஆடுகிற பொருள் எதுவானாலும் அவரிடம்தான் வரும். சுவர்க் கடிகாரம், ஸ்கூட்டரின் வேகமானி, ஏறி நின்று எடை பார்க்கும் மெஷின், பஞ்சர் கடைக்காரர்களின் காற்றுமானி. இடது கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருப்பார். சின்ன ஸ்க்ரூவுக்கு அதுதான் திருப்புளி. கழற்றிய ஸ்க்ரூக்கள் உதட்டோரத்தில் வரிசையாக நிற்கும். அதோடேயே பேசுவார், அதோடேயே சிரிப்பார். டீ குடிக்கும்போது மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

மற்ற ரிப்பேர்க்காரர்கள் "இன்னா கம்ப்ளெய்ன்ட்டு?" என்று கேட்பார்கள். இவர் மெஷினைக் கையில் வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி வேறு. தையல்காரர் இடுப்பளவு கேட்கிற மாதிரி, மிகச் சாதாரணமாக, "எவ்ளோ காட்டணும்?" என்பார்.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அது கிண்டல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

என் அப்பா சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. தினமும் காலை மின்சார ரயில். தினமும் அதைத் தவற விடுவார். அடுத்த ரயிலில் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்து எங்களைத் திட்டுவார். ஒருநாள் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்றுபோய் மீட்டர்காரரிடம் போய் வந்தது. அதற்குப் பிறகு அப்பா ஒருநாள்கூட ரயிலைத் தவற விடவில்லை. ஆனால் ஒரு புதுப் புலம்பல் ஆரம்பித்தது. "ரயில்வேக்காரன் கெட்டுப்போயிட்டான்டா. தினம் கால் மணி நேரம் லேட்டா வர்றான். ரேடியோவில நியூஸ்கூட லேட்டாதான் வாசிக்கிறான். நாடே குட்டிச்சுவராப் போச்சு."

நான் கல்லூரி மாணவன். புத்திசாலி என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம். நேராகக் கடைக்குப் போய், "அண்ணே, எங்க வீட்டுக் கடியாரம் கால் மணி ஃபாஸ்ட்டா ஓடுது" என்றேன்.

உதட்டில் ஸ்க்ரூக்களோடு அவர் நிமிர்ந்தார். "உங்க நைனா ரயில புடிக்கிறாரா?"

"பிடிக்கிறாரு."

"அப்பால இன்னா?"

அவ்வளவுதான் வழக்கு. நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா ஓய்வு பெறும்வரை இந்திய ரயில்வேயின் மேல் மனத்தாங்கலோடும், ஆபீஸில் நல்ல பெயரோடும் இருந்தார். அந்தக் கால் மணி நேரத்தில் நானும் ஒரு பங்குதாரன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அன்று அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

படாளத்திலிருந்து ஒரு விவசாயி வருவார். மகனுக்குப் புது பைக் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தூக்கம் கெட்டுப்போன மனிதர். ஜி.எஸ்.டி. ரோட்டில் பையன் எண்பதில் பறக்கிறான் என்று கடையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் பையன் வேகமானி வயர் அறுந்துபோய் இவரிடமே வந்தான். எப்படி அறுந்தது என்று நான் கேட்கவில்லை. சரி செய்து கொடுத்த மீட்டர், வண்டி ஐம்பதில் போனால் எண்பது என்று காட்டியது. பையன் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற சாதி. எண்பதைத் தொட்டதும் அவனுக்குத் திருப்தி வந்துவிடும். "நூறு போறேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறான். பின்னால மாட்டு வண்டி ஆரன் அடிக்குது" என்று சொல்லி மீட்டர்காரர் சிரித்தார். ஸ்க்ரூ ஒன்று கீழே விழுந்தது. இருவரும் தேடினோம்.

இப்படி அவரைப் பற்றி ஊரில் பத்து கதைகள் உண்டு, ஒன்பதில் எல்லோரும் பிழைத்தார்கள். பத்தாவது, எங்கள் தெருவில் இருந்த டீச்சரம்மாவுடையது. எடை ஏறுகிறது என்று சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தார். மெஷின் ரிப்பேருக்குப் போய்த் திரும்பியதும் ஐம்பத்தெட்டில் நின்றது. நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு வருடத்தில் முழங்கால் இரண்டும் போய், வாசற்படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு 'முருகா' சொல்லி ஏறினார். அப்போதும் மெஷினில் ஐம்பத்தெட்டுதான். நான் ஒருமுறை மீட்டர்காரரிடம் இதைச் சொன்னபோது, கையிலிருந்த கடிகாரத்தைத் துடைத்து வைத்தார். பிறகு, "ஆனா சந்தோசமா துன்னாங்க இல்ல?" என்றார்.

மெஷினைச் சோதிக்கும்போது முள்ளைப் பார்க்க மாட்டார், ஆளின் முகத்தைப் பார்ப்பார். முகம் மலர்கிற இடத்தில் ஸ்க்ரூவை நிறுத்துவார். நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் கையில் கடிகாரம் கட்டிப் பார்த்ததில்லை. முப்பது கடிகாரங்கள் ஓடுகிற கடைக்குள் உட்கார்ந்துகொண்டு, வளையல் கடைக்காரரிடம் "மணி இன்னா அண்ணாத்த?" என்று கேட்பார்.

எல்லாம் எண்களாகப் பளிச்சென்று மின்னும் மீட்டர்கள் வந்த பிறகு செங்கல்பட்டுக் கடையை மூடிவிட்டு மாமல்லபுரத்துக்குப் போய்விட்டார். ஊருக்கு வெளியே, திருக்கழுக்குன்றம் போகும் ரோட்டில் ஒரு கொட்டகை போட்டு, வெள்ளைக்காரர்களுக்குச் சைக்கிளும் மொபெட்டும் வாடகைக்கு விட்டார். நான் படித்து முடித்து, நாவலூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலைக்குப் போய், கேளம்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கி, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தே சம்பாதித்தேன். என்ன சம்பாதித்தேன் என்பது முதுகு எக்ஸ்ரேயில் தெரிந்தது.

டிஸ்க் விலகி இடது காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். தாம்பரம் பக்கம் ஓர் எலும்பு டாக்டர், அதிகம் பேசாதவர். இடது கால் கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். கட்டைவிரல் யோசித்துக்கொண்டிருந்தது.

"மூணு, நாலு மாசம் பார்ப்போம். கால்ல பலம் வரலேன்னா ஆபரேஷன். சாதாரண சைக்கிள் வேண்டாம், முதுகுக்கு ஆகாது. சாய்ஞ்சு உக்காந்து பெடல் பண்ற மாதிரி மெஷின் இருக்கு. தினம் ஓட்டுங்க. அரை மணி நேரத்துல எட்டு கிலோமீட்டர் ஓட்டிட்டீங்கன்னா கத்தியை எடுக்க மாட்டேன்."

கத்தி என்ற சொல் என் காதில் விழுந்த வேகத்தில் மற்றதெல்லாம் விழவில்லை. அப்பாவின் நண்பர் ஒருவர் இதே ஆபரேஷனுக்குப் பிறகு படுத்தபடியே கிடந்த கதை எங்கள் வீட்டில் பிரபலம். எட்டு கிலோமீட்டர். நான் மீட்டர்காரரைத் தேடிப் போனேன்.

"படுத்துகினு ஓட்ற சைக்கிளா? நம்மகிட்டயே ஒண்ணு கீது, வா" என்று கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஈ.சி.ஆர். வழியாக அதில் வந்து, முழங்கால் போய், விமானத்தில் ஊர் திரும்பியிருக்கிறார். வண்டி இவரிடம் தங்கிவிட்டது. நாற்காலிக்கும் சைக்கிளுக்கும் பிறந்த குழந்தை மாதிரி இருந்தது. முன்னால் சின்னச் சக்கரம், பின்னால் பெரிய சக்கரம், நடுவில் வலை கட்டிய சாய்வு இருக்கை. பெடல்கள் முன் சக்கரத்தையும் தாண்டி ஒரு குழாயின் நுனியில் இருந்தன. செயின் மட்டும் சாதாரண சைக்கிளைப் போல் இரண்டரை மடங்கு நீளம். அதன்மேல் அவர் வீட்டுப் பாவாடைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இத வூட்டுக்குள்ளயே நிக்க வெச்சித் தரேன். நீ பாட்டுக்கு டிவி பாத்துகினே மிதி."

அவர் வேலை செய்த அழகைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மினி லாரியில் வண்டியோடு வந்து இறங்கினார். பின் சக்கரத்தின் அச்சைத் தாங்க ஒரு இரும்பு ஸ்டாண்டு வெல்டிங் செய்திருந்தார். டயரை அழுத்தி நிற்க ஒரு உருளை. பழைய ஸ்கூட்டர் சக்கரத்தின் நடுப்பாகம். அதைச் சுற்றி ஒரு தோல் பெல்ட். பெல்ட்டை இறுக்கினால் மிதிக்கக் கஷ்டம், தளர்த்தினால் சுலபம். பின்பக்கம் தூக்கிக்கொண்டதால் நான் முன்னால் வழுக்கினேன். அதற்குச் சமமாக முன் சக்கரத்தையும் உயர்த்த வேண்டும். சிற்பக் கூடத்தில் உடைந்துபோய்ப் போட்டிருந்த ஒரு தாமரைப் பீடத்தைக் கொண்டுவந்திருந்தார். யாரோ ஒரு அம்மனுக்காகச் செதுக்க ஆரம்பித்தது. என் முன் சக்கரம் அதில் எழுந்தருளியது. என் மனைவி திருக்கழுக்குன்றத்துப் பெண், அவர் அப்பா கோயில் பக்கத்துப் பள்ளியில் வாத்தியார். பீடத்தைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டார்.

என்னை உட்கார வைத்து, குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லி, முட்டி நேராக நீளும் இடம்வரை முன்குழாயை இழுத்து இறுக்கினார். இடது பாதம் பெடலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, இந்தக் கால் நிக்க மாட்டேங்குது."

"நிக்கும்" என்று மொபெட் டியூபை நாடாவாக வெட்டிப் பாதத்தைப் பெடலோடு சேர்த்துக் கட்டினார். நின்றது.

கடைசியாக மீட்டர். தீப்பெட்டி அளவு. அந்த வெளிநாட்டுக்காரர் அதை முன் சக்கரத்தில் பொருத்தியிருந்தார். என் வீட்டில் முன் சக்கரம் பீடத்தில் தியானத்தில் இருப்பதால், சுற்றை எண்ண உதவும் காந்தத்தைக் கழற்றிப் பின் சக்கரத்தின் கம்பியில் மாட்டினார். சக்கரத்தின் சுற்றளவையும் மீட்டருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டும். அதற்கு அவர் செய்ததை நான் இன்றும் மெச்சுவேன். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, தரையில் ஒரு கோடு, ஒரே ஒரு முழுச் சுற்று உருட்டி மறுபடி ஒரு கோடு. அளவு நாடாவை வைத்து அளந்தார். இரண்டு மீட்டர், அஞ்சு சென்டி. அதை மீட்டரில் ஏற்றினார். பொன் அளப்பவர்கூட அவ்வளவு கவனமாக அளக்க மாட்டார்.

இருபது நிமிடம் மிதித்தேன். மூச்சு வாங்கி, மின்விசிறியை வைக்கச் சொல்லி, தண்ணீர் கேட்டு, மனைவியை முதுகைப் பிடிக்கச் சொல்லி, ஒரு கொலம்பஸ் மாதிரி இறங்கி மீட்டரைப் பார்த்தேன். இரண்டு கிலோமீட்டர்.

"என்ன அண்ணே, இவ்ளோதானா? மீட்டர்ல ஏதாவது கோளாறான்னு பாருங்களேன். நான் ஓட்டுன ஓட்டுக்கு நாலாவது வரணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மீட்டரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பொத்தான்களை அந்த நகத்தால் நாலைந்து முறை அழுத்தினார். கொண்டுவந்து மாட்டினார். "இப்ப மிதி."

மறுபடி இருபது நிமிடம். நாலேகால்.

"ஆங்! இப்பதான் சரியா இருக்கு!" என்றேன். அவர் ஸ்க்ரூக்களோடு சிரித்தார். நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது தடவை வேர்வையே வரல?" என்றார்.

"உடம்பு பழகிடுச்சு" என்றேன். நாற்பது நிமிடத்தில்.

அப்புறம் பிடித்தது பைத்தியம். ஒரு தமிழ்நாடு வரைபடத்தை ஹால் சுவரில் ஒட்டி, கடற்கரை ஓரமாக ஓட்டிய தூரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டேன். மாமல்லபுரம் தாண்டியாச்சு. கல்பாக்கம் தாண்டியாச்சு. புதுச்சேரியில் ஒருநாள் ஓய்வு. ஆபீஸில் என் பக்கத்து இருக்கைக்காரன் தினமும் காலையில், "மச்சான், இப்ப எங்கடா கீற?" என்று ஆரம்பிப்பான்.

"சிதம்பரம்."

"தரிசனம் ஆச்சா?"

"நடை சாத்திட்டாங்கடா."

"சீர்காழிக்குப் போறப்ப ஒரு போன் போடு. அங்க எங்க சித்தி வூடு கீது, சோறு போடுவாங்க."

ஆபீஸ் கேன்டீனில் இதே ஆட்களிடம்தான் படாளத்துப் பையனின் வேகமானிக் கதையையும் சொன்னேன். ஐம்பதில் போய்க்கொண்டு எண்பது என்று நம்பியவனை நடித்தே காட்டினேன். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

மீட்டர்காரர் மாதம் ஒருமுறை வந்து பெல்ட், செயின், மீட்டர் எல்லாம் பார்ப்பார். சுவரிலிருந்த வரைபடத்துக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "வேதாரண்யம் வந்துட்டியா! அடேங்கப்பா" என்பார். டீயில் பன்னைத் தோய்த்துத் தின்பார். அவருக்குச் சர்க்கரை நோய். என் மனைவி தன் அப்பாவுக்காக வாங்கிய ரத்தச் சர்க்கரை மீட்டரில் ஒருநாள் அவருக்கும் பார்த்தார். முந்நூற்றுச் சொச்சம் காட்டியது. அவர் மீட்டரை வாங்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டரி வீக்கும்மா" என்று திருப்பிக் கொடுத்து, அடுத்த பன்னை எடுத்தார்.

டாக்டரிடம் நோட்டுப் புத்தகத்தோடு போவேன். தேதி, நிமிடம், கிலோமீட்டர். நாலாவது மாதம் அரை மணியில் எட்டு. சரியாகச் சொன்னால் ஏழே முக்கால். அதை எட்டாக எழுதியது மட்டும் என் சொந்தச் சரக்கு. டாக்டர் என் கட்டைவிரலை அழுத்தினார், இரண்டு முறை.

"எனக்கு வீக்காதான் தெரியுது. நிஜமா எட்டு ஓட்டுறீங்களா?"

"ராமேஸ்வரமே போயிட்டேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த ஆபரேஷன் சீட்டை எடுத்து இழுப்பறையில் வைத்தார். "சரி, இன்னும் ரெண்டு மாசம் பார்ப்போம்."

அந்தச் சீட்டு உள்ளே போன சத்தம்தான் நான் என் வாழ்க்கையில் கேட்ட மிக இனிமையான சத்தம். ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டேன். ராமேஸ்வரம் போனவனுக்குச் செங்கல்பட்டு எம்மாத்திரம்? மாமல்லபுரத்தில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாக என் சொந்த ஊருக்கு நிஜ ரோட்டில் போகப்போகிறேன். முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. பக்கத்து இருக்கைக்காரன் செங்கல்பட்டில் மாலையோடு நிற்பதாகச் சொன்னான்.

மீட்டர்காரரிடம் சொன்னபோது முதன்முறையாக அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "ரோட்டுக்கு இன்னாத்துக்கு நைனா? வெயிலு, லாரி... வூட்லயே கன்னியாகுமரி போயிடேன்" என்றார். எனக்கு அது பாசமாகப் பட்டது. "பேஜாரு பண்ணாதீங்கண்ணே" என்று அவர் பாஷையிலேயே சொல்லி வாயை அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் கொட்டகை வாசலில் வண்டியை இறக்கினோம். ரோட்டில் காலை ஊன்ற வேண்டும் என்பதால் பெடல் நாடாவை அவிழ்த்தார். அவிழ்க்கும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார். உதட்டில் ஸ்க்ரூ எதுவும் இல்லை. ஆனாலும் நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் கிளம்பினேன். அவர் மொபெட்டில் பக்கத்திலேயே வந்தார்.

'திருக்கழுக்குன்றம் 14' என்ற கல்லைத் தாண்டும்போது மீட்டரைப் பார்த்து வைத்துக்கொண்டேன், வேகம் பார்க்கலாமே என்று. 13 என்ற கல் வந்தபோது மீட்டர் இரண்டு கிலோமீட்டருக்குமேல் ஓடியிருந்தது.

"அண்ணே, கல்லு தப்பா நட்டிருக்காங்களா?"

"ஹைவேஸ்காரனுங்க அப்டித்தான். குத்துமதிப்பா நடுவானுங்கோ" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

12. மறுபடி இரண்டுக்குமேல். 11. மறுபடியும். நாலு கல்லையும் ஒரே மாதிரி தப்பாக நடுவதற்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு நேர்மை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. திரும்பி அவரைப் பார்த்தேன். மொபெட் என்னைவிடப் பத்தடி பின்னால் போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் இடது பாதம் பெடலிலிருந்து நழுவியது. படுத்து ஓட்டும் வண்டியில் கால் நழுவினால் குதிகால் ரோட்டில் இடிக்கும். வண்டி முன்னால் போகும், கால் இருக்கைக்கு அடியில் இழுபடும். பிரேக்கைப் பிடித்ததால் கால் ஒடியவில்லை. ஓரத்தில் சாய்ந்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன். பாதம் மேலே வரவில்லை. கட்டைவிரல் யோசிப்பதையும் நிறுத்திவிட்டிருந்தது. நாலு மாதமாக என் வலது கால்தான் வண்டி ஓட்டியிருக்கிறது. இடது கால் நாடாவைக் கட்டிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்து ராமேஸ்வரம் பார்த்திருக்கிறது.

ஆடு ஓட்டிப்போன ஓர் அம்மா நின்று பார்த்தார். "இன்னாபா, நடுரோட்ல ஈஸி சேரப் போட்டுகினு குந்திகினுகீற?"

நான் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். கண்ணில் தண்ணீர் வந்தது, அது வலியால்தான். மீட்டர்காரர் ஓடி வந்து என் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினார். என் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஆபரேஷன். டாக்டர் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்க்கவில்லை, குப்பைக் கூடை எங்கே என்று பார்த்தார். "நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கெடந்திருக்கு. முதல் மாசமே சரியான நம்பரைச் சொல்லியிருந்தா, அப்பவே எடுத்திருப்பேன். இப்ப முதுகு சரியாயிடும். பாதம் எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது."

பாதம் முக்கால்தான் வந்தது. இன்றும் நான் நடந்தால் இடது செருப்பு மட்டும் தனியாகப் பேசும். அவசரமாகப் படியேறினால் கழன்று கீழே நின்றுகொண்டு, வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். கழற்றி விடும் செருப்புகளில் எது என்னுடையது என்று என் மனைவி முனையில் தேய்ந்திருப்பதைப் பார்த்துச் சொல்லிவிடுவார். கால் மணி நேரம் ஃபாஸ்ட்டான கடிகாரத்துக்குப் பங்குதாரனாக இருந்தவனுக்கு இதுவும் பங்கில் சேரும் என்று நான் அன்று நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக மனைவியிடம் மீட்டரைக் கழற்றித் தரச் சொல்லிப் பொத்தான்களை அழுத்திப் பார்த்தேன். சக்கரத்தின் சுற்றளவு நாலு மீட்டர் முப்பது சென்டி. அந்த அளவுக்குச் சக்கரம் என் நெஞ்சு உயரம் இருக்க வேண்டும். நான் ஹாலில் ஓட்டிக்கொண்டிருந்தது சைக்கிளே இல்லை, தேர்.

ஊன்றுகோல் பிடிக்கும் நிலைக்கு வந்ததும் ஷேர் ஆட்டோ, பஸ் என்று மாறி மாமல்லபுரம் போனேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே போனேன். என்னை உங்க கடிகாரம் மாதிரி நினைச்சீங்களா. என் கால் உங்களுக்கு முள்ளா. ஊர் சிரிச்சதுகூடப் பரவாயில்லை, நீங்க கல்கண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே. இருபது வருஷமா அண்ணே அண்ணேன்னு வந்தவன்கிட்டயா. இப்படிப் பன்னிரண்டு வாக்கியங்கள். எல்லாம் நல்ல வாக்கியங்கள்.

கொட்டகையில் தனியாக உட்கார்ந்து ஒரு காற்றுமானியைப் பிரித்துப் போட்டிருந்தார். இளைத்திருந்தார், பாட்டரி வீக்காக இருந்திருக்கும். என் ஊன்றுகோலைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். ஸ்டூலைத் துடைத்து நகர்த்தினார். நான் உட்காரவில்லை. மீட்டரை அவர் முன்னால் இருந்த ஸ்க்ரூக்களுக்கு நடுவில் வைத்தேன். பன்னிரண்டு வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

"ஏன்ணே?" என்றேன். "என் காலுண்ணே இது. ஏன் இப்படிப் பண்ணீங்க?"

அவர் உதட்டிலிருந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மீட்டரைத் தொடவில்லை. இந்த முறை 'நைனா' போடாமல் சொன்னார்.

"இப்பதான் சரியா கீதுன்னு நீதான சொன்ன."